காதுமடலுக்குப் பின்னால் ஒரு குழி

இதைப் படித்துக்கொண்டே ஒரு கையைக் காதுக்குக் கொண்டுபோங்கள். தோடு தொங்கும் காதுமடலுக்குப் பின்னால் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் தாடை எலும்புக்கும் நடுவே, விரல் நுனி உட்காரும் அளவுக்கு ஒரு சின்னக் குழி இருக்கும். மெதுவாக அழுத்திப் பாருங்கள். காதுக்குள்ளேயே யாரோ தொட்டது போல இருக்கும்.

சீன மருத்துவத்தில் இந்த இடத்துக்கு ‘யிஃபெங்’ என்று பெயர். ‘யி’ என்றால் மறைப்பு, ‘ஃபெங்’ என்றால் காற்று. காற்றை மறைக்கும் திரை என்று தமிழில் சொல்லலாம். நம் ஊர் அக்குபங்சர்காரர்கள் ‘மூவெப்ப மண்டலம்’ என்று சொல்லும் பாதையில் இது 17-வது புள்ளி.

இந்தப் பெயரின் அர்த்தத்தை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மார்கழியில் கொடைக்கானல் பஸ் ஏறும் நம் பாட்டிகள் காதில் பஞ்சை வைத்து, மேலே துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்களே, அவர்கள் மறைப்பதும் இந்த இடத்தைத்தானே! சீனாவில் யாரோ பெயர் வைத்தார்கள். நம் பாட்டிகள் பெயர் வைக்காமலே கட்டிக்கொண்டார்கள்.

ஆனால், இந்தப் புள்ளியை நான் தெரிந்துகொண்டது சிரிக்கும்படியான ஒரு நேரத்தில் இல்லை.

ஒரு கண் மட்டும் தூங்கவில்லை

எங்கள் வீடு திண்டுக்கல் நாகல் நகரில். என் மாமியாரை நான் ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருக்கு 61 வயது, சர்க்கரையும் உண்டு. சாயங்காலம் 4 மணிக்கு வாசலில் விறகடுப்பு மூட்டி, குழிப்பணியாரக் கடை போடுவார். 20 வருடமாக அதே இடம், அதே ஊதுகுழல். பணியாரத்தைவிட அத்தையின் பேச்சுக்குத்தான் கூட்டம் என்று என் கணவர் கேலி செய்வார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். மேற்கே இருந்து அடிக்கும் காற்றில் அடுப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. அத்தை தகரத்தை வைத்து மறைத்து, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வேலை பார்ப்பார். இரண்டு நாளாக இடது காதுக்குப் பின்னால் விண் விண் என்று வலி. யாரிடமும் சொல்லாமல் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடதுபக்க உதட்டோரமாகத் தானே வழிந்தது. பேச்சில் ‘ப’ வரவில்லை. பெயரனைக் கூப்பிட்டால் காற்று மட்டும் வருகிறது. அவனுக்கு அப்போது ஏழு வயது. “அப்பத்தா, ஏன் ஒரு கண்ணுல மட்டும் சிமிட்டுற?” என்று கேட்டான். அப்போதுதான் பார்த்தேன். வலது கண் மூடுகிறது. இடது கண் மூடாமல் வெள்ளைவிழி மட்டும் மேலே போகிறது.

பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்று, “ஆத்தி, இது பக்கவாதம்ல!” என்று சொல்லிவிட்டார். அத்தை ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

நெற்றியைப் பார்த்த டாக்டர்

மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, “அம்மா, புருவத்தை மேல தூக்குங்க, பார்ப்போம்.” அத்தை தூக்கினார். வலதுபக்க நெற்றியில் மூன்று கோடு விழுந்தது. இடதுபக்கம் இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று இருந்தது.

பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னார்:

“மூளையில ரத்த ஓட்டம் தடைபட்டு வாய் கோணினா, பெரும்பாலும் நெத்தி தப்பிச்சிரும். இவங்களுக்கு நெத்தியும் சேர்ந்து அசையல. கை கால் நல்லா இருக்கு. இது முகத்துக்குப் போற நரம்பு வீங்கினதால வந்தது. ஆனா இந்தக் கணக்கை யாரும் வீட்டுல போட்டுப் பார்க்கக் கூடாது. வாய் கோணினா உடனே ஆஸ்பத்திரி. பக்கவாதமா இருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் டைம்.”

இதற்கு ‘பெல்ஸ் பால்சி’ என்று பெயர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக நரம்பைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர். தமிழில் முகவாதம்.

டாக்டர் பேனா மூடியின் நுனியை அத்தையின் காதுமடலுக்குப் பின்னால் அந்தக் குழியில் வைத்துக் காட்டினார். மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு, காதெலும்புக்குள் ஒரு குறுகலான சுரங்கம் வழியாக வருகிறது. சில இடங்களில் அந்தச் சுரங்கத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நரம்பு வீங்கினால் விரிய இடமில்லை, எலும்புக்குள்ளேயே நசுங்குகிறது. சுரங்கத்தைவிட்டு அது வெளியே வரும் துவாரம் இந்தக் குழிக்கு உள்ளே, கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் ஐந்து கிளையாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று போகிறது.

அதே நரம்போடுதான் நாக்கின் முன்பக்கச் சுவையும் வருகிறது. அத்தை ரசத்தை, “மண்ணு மாதிரி இருக்கு” என்று தள்ளி வைத்ததற்குக் காரணம் புரிந்தது. காதுக்குள் பெரிய சத்தத்தை அடக்கும் ஒரு குட்டித் தசைக்கும் அதே நரம்புதான். பக்கத்துப் பட்டறையில் பூட்டுக்கு அரம் போடும் சத்தம் எங்கள் தெருவில் யாருக்கும் காதில் விழாத அளவுக்குப் பழகிய ஒன்று. அன்றைக்கு அத்தை இடது காதைப் பொத்திக்கொண்டு, “மண்டைக்குள்ள ராவுறான்யா” என்று அழுதார்.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகமாம். அதனால் சர்க்கரை ஏறும் என்பதால் தினமும் சோதனை. பகலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு, இமையை மூடிப் பிளாஸ்திரி. மூடாத கண் காய்ந்து போனால் பார்வைக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

எல்லோருக்கும் காற்றுதான்

செய்தி கேட்டு வத்தலகுண்டில் இருந்து சின்ன அத்தை வந்தார். பார்த்த உடனே தீர்ப்பு: “காத்து அடிச்சிருச்சு. அடுப்புகிட்ட அப்படி நின்னா அடிக்காதா?”

காற்றுதான் காரணம் என்று இன்றைய மருத்துவம் சொல்வதில்லை. உடம்புக்குள் பதுங்கிக் கிடக்கும் அக்கி வகை வைரஸ் திரும்பத் தலைதூக்குவதைத்தான் அதிகம் சந்தேகிக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனாலும் சின்ன அத்தை சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. ஏனென்றால், அந்தச் சொல் மிகப் பழையது. சித்த மருத்துவத்தில் வாதம் என்றாலே காற்றின் குணம்தான். முகவாதம், பக்கவாதம் என்று நாம் சொல்லும் எல்லாவற்றிலும் காற்று இருக்கிறது. சீனர்களும் இதைக் ‘காற்று’ என்றே எழுதினார்கள்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னை மிகவும் பாதித்தது. 3-ம் நூற்றாண்டில் சீனாவில் ஹுவாங்ஃபு மி (215–282) என்று ஓர் அறிஞர் இருந்தார். நடுவயதில் அவருக்கே காற்று நோய் வந்தது. 100 நாள் காதும் கேட்கவில்லை. தன் உடம்பைப் புரிந்துகொள்ளத்தான் கிடைத்த பழைய மருத்துவ நூல்களையெல்லாம் தேடிப் படித்து, ஒழுங்குபடுத்தித் தொகுத்தார். அந்த ‘ஜியா யி ஜிங்’தான் அக்குபங்சருக்கு என்றே முறையாக எழுதப்பட்ட நூல்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது. காதுக்குப் பின்னால் உள்ள இந்தக் குழியும் அதில் இருக்கிறது. அழுத்தினால் காதுக்குள் உணரும் என்ற குறிப்போடும், காது கேளாமைக்கும் வாய் கோணுவதற்கும் உரியது என்றும் சொல்லியிருக்கிறார். நரம்பைத் திறந்து பார்க்காத காலத்தில், விரலை வைத்துத் தடவிப் பார்த்தே அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

நம்மிடமும் இப்படி ஒரு வரைபடம் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் காத்துவந்த வர்மத்தில் 108 இடங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. காதோரத்தில் இருப்பதற்குச் செவிக்குற்றி என்று பெயர். ஒரே இடத்தில் அடி பட்டால் ஆபத்து, அறிந்தவர் தொட்டால் மருந்து என்பதுதான் வர்மத்தின் அடிப்படை.

“அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்க”

நாலாம் நாள் உறவுக்காரர் ஒருவர் வற்புறுத்தி எங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஊசி கிடையாது. விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார்கள். நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்தவர் அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பொறுமையாகத்தான் பேசினார். “சரியாயிரும்மா. ஆனா இங்கிலீஷ் மருந்து ஒண்ணும் கூடாது. ஸ்டீராய்டு, சுகர் மாத்திரை ரெண்டையும் இன்னைக்கே தூக்கிப் போட்ருங்க. அதுதான் உங்க உடம்பைக் கெடுக்குது.”

அத்தை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. யாருக்குத்தான் மாத்திரை விழுங்கப் பிடிக்கும்? அதுவும், ‘சரியாயிரும்’ என்று அவ்வளவு உறுதியாக அதுவரை யாருமே சொல்லவில்லை.

“வேணாம் அத்தை, போவோம்” என்று எழுந்துவிட்டேன். வெளியே வந்ததும் உறவுக்காரருக்குக் கோபம். நான் பெரிய மனுஷரை அவமானப்படுத்தியதாகச் சொன்னார். ஆட்டோவில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை தானாக மாத்திரை டப்பாவை எடுத்தார். “ஏத்தா, தண்ணி குடு” என்றார். அவ்வளவுதான். ஆனால், உதட்டோரம் வழியாமல் அந்தத் தண்ணீரைக் குடிக்க அவரால் முடியவில்லை. கையால் உதட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

அந்த இரண்டு வாரம்தான் கஷ்டமானது. கடை மூடிக் கிடந்தது. தெருவில் யார் வந்தாலும் உள்ளே போய்விடுவார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார். கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னார்.

முடி மாதிரி ஓர் ஊசி

மாத்திரை முடிந்து மறுபடி காட்டப் போனபோது, அக்குபங்சர் செய்யலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். “படிச்சவங்ககிட்ட போங்க, கண்ணைக் கவனிக்கிறதை நிறுத்தாதீங்க” என்றார்.

நாங்கள் போனது இயற்கை மருத்துவம் படித்த ஒரு பெண் டாக்டரிடம். பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை வருடப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அவர் முதலில் கேட்டது பழைய மருந்துச் சீட்டை. “சுகர் மாத்திரையை நிறுத்திராதீங்கம்மா” என்றார். அத்தை என் பக்கம் திரும்பிப் பாதி முகத்தால் சிரித்தார். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

ஒட்டிய உறையைக் கண் முன்னால் பிரித்து ஊசிகளை எடுத்தார். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஒருமுறை போட்டால் தூக்கி எறிந்துவிடுவது. அத்தையின் தோட்டைக் கழற்றச் சொல்லி, காதுமடலை ஒதுக்கி, விரலால் குழியைத் தேடினார். “குத்துற மாதிரி இருக்காது. கனமா, இழுக்கிற மாதிரி இருக்கும். வந்தா சொல்லுங்க.”

ஒரு நிமிடம் போயிருக்கும். “காதுக்குள்ள யாரோ நூலை இழுக்குறாகம்மா” என்றார் அத்தை.

கன்னத்தில் இரண்டு, புருவத்தின் மேல் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கையில் ஒன்று. முகத்துக்கு ஏன் கையில் என்று கேட்டேன். அதன் பெயர் ‘ஹெகு’, முகத்து நோய்களுக்குச் சீனர்கள் முக்கியமாக எடுக்கும் புள்ளி என்றார். 20 நிமிடம் கழித்து எடுத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் 10 தடவை.

இந்த வைத்தியம் இந்தியாவுக்கு வந்த கதையையும் அவரே சொன்னார். ஜப்பான் சீனாவைத் தாக்கிய நேரத்தில், 1938-ல் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அங்கே அனுப்பியது. அதில் ஒருவரான சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். திரும்பி வந்தவர்களில் ஒருவர் டாக்டர் பிஜோய் குமார் பாசு. அவர் பிற்பாடு மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959-ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார்.

அப்பத்தாவின் வாத்தியார்

ஊசியோடு வீட்டுப்பாடமும் உண்டு. மூடிய கண்ணாடியைத் திறந்து அதன் முன் உட்கார வேண்டும். புருவத்தைத் தூக்கணும், மூக்கைச் சுருக்கணும், கன்னத்தை உப்பணும், ‘ஆ, ஈ, ஊ’ சொல்லணும். அத்தைக்கு வெட்கம். என் மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியார் வேலை பார்த்தான். இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவருக்கொருவர் பழிப்புக் காட்டுவார்கள். ஒருநாள் அத்தை தன் முகத்தைப் பார்த்துத் தானே சிரித்தார்.

ராத்திரி வேலை எனக்கு. காதுமடலுக்குப் பின்னால் தொடங்கி, கன்னம் வழியாக உதட்டோரம் வரை விரலால் மெல்லத் தடவிவிட வேண்டும். பிறகு கண்ணுக்குக் களிம்பு. கல்யாணமாகி 14 வருடத்தில் நான் அத்தையின் முகத்தைத் தொட்டதே இல்லை. சண்டை ஒன்றுமில்லை, தொடுவதற்கு ஒரு காரணம் வரவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் போனதும், விரலை வைத்தவுடன் கண்ணை மூட முயற்சி செய்துகொண்டே பேச ஆரம்பித்துவிடுவார். மாமா இறந்த வருடம் கடை தொடங்கியது, முதல் நாள் 11 ரூபாய்க்கு விற்றது, அவருடைய அம்மா போட்டிருந்த பாம்படத்தை விற்று அடுப்புச் சாமான் வாங்கியது. இதெல்லாம் என் கணவருக்கே தெரியாத கதைகள்.

நாலாவது வாரம் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆறாவது வாரம் இடது கண் முழுதாக மூடியது. அன்றைக்குப் பிளாஸ்திரி போடாமல் தூங்கினார். அடுத்த வாரம் ஊதுகுழலை எடுத்து அடுப்பில் ஊதிப் பார்த்தார். காற்று பக்கவாட்டில் போகவில்லை. கனல் சிவந்தது. ஆவணி முடிந்து புரட்டாசி நடுவில் கடை திறந்தோம்.

எது குணப்படுத்தியது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். முகவாதம் வந்தவர்களில் 100-க்கு சுமார் 70 பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே முழுதாகச் சரியாகிவிடுகிறது. உரிய நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடுகிறது. இவ்வளவும் உறுதியான செய்தி.

ஊசியைப் பற்றி? 2013-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் சீன மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 338 நோயாளிகள்; எல்லோருக்கும் ஸ்டீராய்டும் உண்டு, ஊசியும் உண்டு. அத்தை சொன்ன அந்த ‘நூல் இழுக்கிற’ உணர்ச்சி வரும்படி ஊசியைத் திருகியவர்களுக்கு, சும்மா குத்தி வைத்தவர்களைவிட ஆறு மாதத்தில் முகம் நன்றாகத் திரும்பியது. ஆனால், ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு இல்லை அது. ஊசியால்தான் குணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குத் தரமான ஆய்வுகள் இன்னும் போதாது என்பதுதான் மருத்துவ உலகின் நிலை.

அதனால் நான் யாரிடமும் ‘ஊசி போட்டுச் சரியாச்சு’ என்று சொல்வதில்லை. மாத்திரை வீக்கத்தைக் குறைத்தது, களிம்பு கண்ணைக் காப்பாற்றியது. ஊசி என்ன செய்ததோ, அத்தையைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தது. முந்தானையால் மூடிய முகத்தை ஒருவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்து, கவனமாகப் பார்த்து, “இன்னைக்குப் பரவால்லம்மா” என்று சொன்னது சின்ன விஷயம் இல்லை. ஆனால், வரிசை முக்கியம். முதல் மூன்று நாளை அந்த விரல் வைத்தியத்துக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

இன்றைக்கும் அத்தை எதையாவது மெல்லும்போது இடது கண் லேசாகச் சுருங்கும். நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழி மாறிப் போய்விடுமாம். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் குழியைத் தொட்டுப் பாருங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன். தொட்டால் போதும்; யூடியூப் பார்த்து ஊசியோ, குச்சியோ வைத்துக் குத்தாதீர்கள். அந்த இடத்தில் தோலுக்கு அடியில் நரம்பு மட்டுமல்ல, முக்கியமான ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. காதுக்குப் பின்னால் வலி வந்து, ஒரு பக்கம் முகம் தொய்ந்தால் தைலத்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போன மாதம் பேகம்பூரில் இருந்து பணியாரம் வாங்க வரும் ஓர் அம்மா, மகனுக்குக் காலையிலிருந்து வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது, வெள்ளிக்கிழமை மந்திரிக்கக் கூட்டிப் போகப்போகிறேன் என்று சொன்னார். அத்தை பணியாரக் கம்பியைக் கீழே வைத்தார்.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“வெள்ளிக்கிழமை மந்திரிச்சுக்க. இப்ப புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வெரசாப் போத்தா, காசு அப்புறம் குடு” என்று பொட்டலத்தைக் கையில் திணித்து, ஆட்டோவையும் அவரே கூப்பிட்டுவிட்டார்.